துப்பாக்கியும் குண்டும் ‘மேட்ச்’ ஆவது என்றால் என்ன?

எங்கேயாவது துப்பாக்கி வெடித்ததாகச் செய்தி வந்தால் போதும், நம் நெல்லைச் சீமையில் டீக்கடையிலிருந்து டவுன் பஸ் வரைக்கும் ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவார்கள். “லேப்ல மேட்ச் ஆயிட்டுல்லா அண்ணாச்சி, பெறவு என்ன?” தொலைக்காட்சியும் அப்படித்தான் சொல்கிறது. குண்டு ஆய்வுக்குப் போனது, ரிப்போர்ட் வந்தது, ஆள் சிக்கினான். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது? அந்தத் துப்பாக்கி அப்போது யார் கையில் இருந்தது? அந்தக் கை ஏன் விசையை இழுத்தது? ஆய்வகம் பதில் சொல்ல முயல்வது முதல் கேள்விக்கு மட்டும்தான். அதுகூட எல்லாத் துப்பாக்கிக்கும் முடியாது, மலையடிவாரத்தில் பிடிபடுகிற நாட்டுத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள்.

நம் பக்கம் கொலை வழக்கு என்றாலே அரிவாள்தான் ஞாபகத்துக்கு வரும், துப்பாக்கி எப்போதாவதுதான். ஆனால் அந்த எப்போதாவது வருவது பெரிதாக வந்திருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று, அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த மணியாச்சி ரயில் சந்திப்பில், கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் 13 பேர் உயிரிழந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, என்ன வகைத் துப்பாக்கி, எவ்வளவு தூரத்திலிருந்து, முன்பக்கமா பின்பக்கமா என்று ஊரே கேட்டது. இந்த மாதிரிக் கேள்விகளில் எதற்கு அறிவியலால் பதில் சொல்ல முடியும், எதற்கு முடியாது என்பது வக்கீலுக்கும் போலீசுக்கும் மட்டும் தெரிந்தால் போதாது. அடியிலிருந்து வருவோம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது. வெளியே தெரிகிற பித்தளைக் குப்பிக்குப் பெயர் உறை. அதன் வாயில் செருகி இருப்பது குண்டு. அது வெறும் ஈயமாக இருக்கும், அல்லது ஈயத்தின் மேல் செம்புக் கவசம் போட்டிருக்கும். குப்பிக்குள்ளே வெடிமருந்து. குப்பியின் அடியில் நட்டநடுவே, நெற்றிப்பொட்டு அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் பதித்திருக்கும், அதுதான் பிரைமர். ஓங்கிக் குத்தினால் தீப்பொறி கக்குகிற ரசாயனம் அதற்குள் இருக்கிறது.

விசையை இழுத்ததும் ஃபயரிங் பின் என்கிற முள் பிரைமரைக் குத்துகிறது. பொறி மருந்துக்குத் தாவுகிறது, மருந்து எரிந்து வாயுவாகிறது, அந்த வாயுவுக்கு இடம் போதவில்லை. 9 எம்.எம். பிஸ்டலில் அந்த அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தின் 2000 மடங்கைத் தாண்டலாம். கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற காரியம் இது. ஆனால் அதற்குள் இரண்டு திசையில் வேலை நடக்கிறது. குண்டு முன்னால் குழல் வழியாகப் பிதுக்கப்படுகிறது. உறை பின்னால் போய்த் துப்பாக்கியின் பிரீச் முகப்பில், அதாவது உறையின் அடிப்பாகத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தட்டில், ஓங்கி மோதுகிறது. குண்டின் மேல் விழும் கீறல், உறையின் மேல் விழும் பதிவு என்று துப்பாக்கித் தடயம் இரண்டு வகையாகப் பிரிவது இங்கேதான்.

முறுக்கு உரலை எடுத்துக்கொள்ளுங்கள்

தீபாவளிக்கு முறுக்குப் பிழிகிற பித்தளை உரலை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் போடும் அச்சில் நட்சத்திர ஓட்டை. மாவை அழுத்தினால் நட்சத்திர வடிவில் இழை இறங்கும். ஐந்து முனை நட்சத்திர அச்சு பாளையங்கோட்டையில் எத்தனையோ வீட்டில் இருக்கும். ஒரு முறுக்கைக் கையில் கொடுத்தால் ‘ஐந்து முனை அச்சில் பிழிந்தது’ என்று யாரும் சொல்லிவிடலாம், ‘இன்னார் வீட்டு முறுக்கு’ என்று சொல்ல முடியாது. இதை வகை அடையாளம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் வீட்டு அச்சில் ஒரு முனையில் மட்டும் சின்னப் பிசிறு இருக்கிறது. எப்போதோ கீழே விழுந்து நசுங்கியிருக்கும், இல்லையென்றால் அடைப்பெடுக்கக் கம்பியை விட்டுக் குத்தும்போது கீறியிருக்கும். அந்தப் பிசிறு பிழிகிற இழை முழுக்க, ஒரே இடத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வரும். அந்தக் கோட்டைப் பார்த்து ‘இது இந்த அச்சு’ என்று சொல்ல வழி பிறக்கிறது. இது தனி அடையாளம்.

நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிற மூன்றாவது ஒன்றும் உண்டு. அச்சு செய்த பட்டறையில் ஓட்டை வெட்டுகிற கருவியிலேயே பிசிறு இருந்திருந்தால்? அன்றைக்கு அந்தக் கருவியால் அடுத்தடுத்து வெட்டிய அச்சு எல்லாவற்றிலும் அதே பிசிறு, அதே இடத்தில் இருக்கும். பார்ப்பதற்குத் தனி அடையாளம் போலவே இருக்கும், ஆனால் ஒரு தொகுதிக்கே பொதுவானது. இதைத் தொகுதி அடையாளம் என்போம். துப்பாக்கி நிபுணர் தவறிப்போகக் கூடிய இடங்களில் மிக ஆபத்தானது இதுதான். இரண்டு கோடு ஒத்துப்போகிறது என்பதாலேயே ஒரே துப்பாக்கி என்று ஆகிவிடாது.

குழலுக்குள்ளே ஓடும் மரை

பிஸ்டல், ரிவால்வர், ரைஃபிள் இவற்றின் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் உட்சுவர் வழவழப்பாக இருக்காது. நீளவாக்கில் மெல்லத் திரும்பித் திரும்பிப் போகும் பள்ளங்கள் வெட்டியிருக்கும், பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே மேடு. இந்த மரைக்கு ரைஃபிளிங் என்று பெயர். குண்டைச் சுழல வைப்பதற்காக வெட்டுவது இது. சுழன்றால்தான் குண்டு காற்றில் குட்டிக்கரணம் போடாமல் நேராகப் போகும். போல்ட்டில் இருப்பதைப் போல நெருக்கமான மரை இல்லை. 9 எம்.எம். பிஸ்டலில் பொதுவாக 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில்தான் திரும்பும்.

குண்டின் விட்டம், எதிரெதிர் மேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடச் சற்று அதிகம். எனவே குண்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. வரும்போது குழலின் மேடு அதன் உடம்பில் பள்ளமாக விழுகிறது. எத்தனை பள்ளம், எவ்வளவு அகலம், இடப்பக்கம் திரும்புகிறதா வலப்பக்கமா என்பதெல்லாம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கோல்ட் (Colt) நிறுவனத்து ரிவால்வர் என்றால் வழக்கமாக இடப்பக்கம் திரும்பும் 6 பள்ளம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்றால் வலப்பக்கம் திரும்பும் 5. இது வகை அடையாளம்தான். ஆனாலும் இதற்குப் பெரிய பயன் உண்டு: கைப்பற்றிய துப்பாக்கியில் 5 பள்ளமும் குண்டில் 6 பள்ளமும் இருந்தால் அந்தத் துப்பாக்கி அந்தக் குண்டைச் சுடவில்லை. அதற்கு மேல் நுண்ணோக்கிகூட வேண்டியதில்லை. ‘இது இல்லை’ என்று சொல்வது எப்போதும் ‘இதுதான்’ என்று சொல்வதைவிட உறுதியான காரியம்.

தனி அடையாளம் என்பது அந்தப் பள்ளத்துக்குள்ளே கிடக்கிற நூலிழைக் கீறல்கள். மரை வெட்டும் கருவி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது, இரும்புச் சீவல் சிக்கி உட்சுவரில் கீறுகிறது. அப்புறம் வாங்கியவர் கையில் துரு, மோசமான துடைப்பு, ஆயிரக்கணக்கில் சுட்ட தேய்மானம். இத்தனையும் சேர்ந்து குழலின் உட்சுவருக்கு அதற்கே உரிய சொரசொரப்பைக் கொடுக்கின்றன. அது மாறிக்கொண்டும் இருக்கிறது. இன்று சுட்ட குண்டும், அதே துப்பாக்கியில் பல வருஷம் கழித்து, நடுவில் துருப்பிடித்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகு சுட்ட குண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

காலி உறை சொல்கிற சாட்சி

குண்டுக்கே எல்லாரும் முக்கியத்துவம் கொடுக்கிறார்கள். ஆனால் எலும்பிலோ சுவரிலோ பட்ட குண்டு நசுங்கிச் சிதைந்து, சில சமயம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். காலி உறை அப்படிச் சிதைவதில்லை. தரையில் உருண்டு கிடக்கும்.

சுட்ட உறையைப் புரட்டிப் பிரைமரைப் பாருங்கள். நடுவில் முள் குத்திய குழி. அந்தக் குழியின் வடிவம், ஆழம், சரியாக நடுவில் குத்தியதா ஓரமாகக் குத்தியதா, குழிக்குள்ளேயே வட்டவட்டமாகக் கடைசல் வரி தெரிகிறதா என்பதெல்லாம் முள்ளின் முனை விட்டுப்போன பதிவு. குழியைச் சுற்றி மிச்சமிருக்கும் மென்மையான பிரைமர் உலோகத்தில், பிரீச் முகப்பை அரம் போட்டு ராவிய வரிகள் அப்படியே பதிந்திருக்கும். உறையின் விளிம்பில் ஒரு பக்கம் எக்ஸ்ட்ராக்டர் என்கிற கொக்கி இழுத்த கீறல், இன்னொரு பக்கம் அதை வெளியே தட்டிவிடும் எஜெக்டர் மோதிய வடு. இத்தனையும் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிரௌனிங் மாதிரியான பிஸ்டல் ஒவ்வொரு முறை சுட்டதும் உறையை வெளியே எறியும். ரிவால்வர் எறியாது, உறை உள்ளேயே இருக்கும். சம்பவ இடத்தில் உறை கிடைக்கவில்லை என்பதால் சுடவே இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், குண்டில் குழலின் கீறலும் உறையில் முள், பிரீச் முகப்பு, கொக்கி ஆகியவற்றின் பதிவும் விழுகின்றன. அந்த அடையாளத்தில் வகைக்குப் பொதுவானது, ஒரு தொகுதிக்குப் பொதுவானது, ஒரு துப்பாக்கிக்கே உரியது என மூன்று அடுக்கு உண்டு. ‘மேட்ச்’ என்ற பேச்சு செல்லுபடியாவது மூன்றாவது அடுக்கில் மட்டும்.

ஆய்வகத்தில் நடப்பது

தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் சென்னையில் இருக்கிறது, நெல்லை உள்ளிட்ட ஊர்களில் வட்டார ஆய்வகங்களும் உண்டு. கைப்பற்றிய துப்பாக்கி வந்ததும் முதலில் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதே வகைத் தோட்டாவைப் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ பஞ்சு அடைத்த பெட்டிக்குள்ளோ சுடுவார்கள். குண்டு நசுங்காமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக. இதற்குச் சோதனைச் சுடுதல் என்று பெயர்.

சோதனைக் குண்டுகள் இரண்டை முதலில் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இந்தத் துப்பாக்கி எந்தக் கீறலை விடாமல் ஒவ்வொரு முறையும் போடுகிறது, எது ஒரு தடவை வந்து அடுத்த தடவை காணாமல் போகிறது என்று அப்போதுதான் தெரியும். இதைச் செய்யாமல் நேரே சம்பவக் குண்டுக்குப் போனால், கிடைக்கிற ஒற்றுமைக்கு என்ன மதிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒப்பிடுகிற கருவி ஒப்பீட்டு நுண்ணோக்கி. இரண்டு நுண்ணோக்கியை ஒரு பாலத்தால் இணைத்தது. நிபுணர் கண் வைத்துப் பார்க்கும்போது வட்டமான ஒரே காட்சி தெரியும், அதன் நடுவே ஒரு மெல்லிய கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் சம்பவக் குண்டு, வலப்பக்கம் சோதனைக் குண்டு. இரண்டையும் மெதுவாக உருட்டிக்கொண்டே வருவார். இடப்பக்கத்து வரிகள் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கத்து வரிகளோடு அறுபடாமல் ஓடுகிற இடம் கிடைத்தால் நிறுத்துவார். விளக்கின் கோணத்தை மாற்றுவார், ஏனென்றால் வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் கீறலின் நிழல் தெரியும், கோணம் மாறினால் ஒற்றுமை கூடுவதாகவும் குறைவதாகவும் தோன்றும். கடைசியில் மூன்றில் ஒன்றைச் சொல்வார்: இந்தத் துப்பாக்கிதான், இந்தத் துப்பாக்கி இல்லை, அல்லது முடிவுக்கு வர இயலவில்லை. மூன்றாவது பதில் வந்தால் உடனே ‘லேப்காரனை விலைக்கு வாங்கிட்டான்’ என்று பேசுகிறார்கள். சிதைந்த குண்டுக்கு நேர்மையான நிபுணர் தரக்கூடிய பதில் பல சமயம் அதுதான்.

இந்தக் கருவி 1920-களில் நியூயார்க்கில் வழக்குகளுக்குப் பயன்பட வந்தது. பிலிப் கிராவெல், கால்வின் கோடார்ட், சார்லஸ் வெயிட் ஆகியோர் அங்கே நடத்திய ஆய்வு அமைப்பில்தான் துப்பாக்கி ஆய்வு முறையாக வேரூன்றியது. வெயிட் இதற்குள் வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1915-இல் நியூயார்க் மாநிலத்தில் சார்லஸ் ஸ்டீலோ என்ற பண்ணைத் தொழிலாளிக்கு மரண தண்டனை விதித்தார்கள். நிபுணர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர், குண்டில் உள்ள கீறல் ஸ்டீலோவின் ரிவால்வருடையதுதான் என்று சாட்சி சொல்லியிருந்தார். பின்னால் மறுவிசாரணையில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தபோது அந்த ரிவால்வருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1918-இல் அவர் விடுதலையானார். அந்த மறுவிசாரணையில் வேலை பார்த்தவர்தான் வெயிட். துப்பாக்கி நிறுவனம் நிறுவனமாக விவரம் திரட்ட அதற்குப் பிறகுதான் கிளம்பினார். ஒரு பொய்யான ‘மேட்ச்’ ஓர் ஏழைத் தொழிலாளியை மின்சார நாற்காலிவரை கொண்டுபோனதுதான் இந்தத் துறை ஒழுங்கானதற்கே காரணம்.

நம் பக்கத்துத் துப்பாக்கி

இதுவரை சொன்னதெல்லாம் மரை வெட்டிய குழலுக்கு. நம் ஊரில் சாதாரணமாகக் கண்ணில் படும் துப்பாக்கி எது? வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் கையில் உள்ள ‘12 போர்’ ரகத் துப்பாக்கி. தேர்தல் அறிவித்ததும் உரிமம் வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கிற ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். இவற்றின் குழலுக்குள் மரை கிடையாது, வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவில் ஒற்றைக் குண்டுக்குப் பதில் ரவை என்கிற சின்னச் சின்ன உருண்டைகள் பல இருக்கும். குழலின் விட்டமுள்ள ஈய உருண்டை 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதுதான் 12 போர் என்ற கணக்கு. குழல் அகலம் ஏறத்தாழ 18.5 மி.மீ.

மரை இல்லாத குழலில் ரவைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வெளியே வருகின்றன. உடம்பிலிருந்து எடுத்த ரவையை வைத்து எந்தத் துப்பாக்கி என்று சொல்ல வழியில்லை. ரவை எந்த அளவு, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைத்திருந்து கூடவே வந்த அடைப்பு எந்த அளவுக் குழலுக்கு உரியது என்பதோடு நின்றுவிடும். ஆனால் காலி உறை கிடைத்தால் கதை வேறு. முள்ளும் பிரீச் முகப்பும் 12 போரிலும் உண்டு, உறையில் அவற்றின் பதிவு விழும். ரவையில் கிடைக்காத பதில் உறையில் கிடைக்கும்.

நாட்டுத் துப்பாக்கி இன்னும் ஒரு படி கீழே. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பன்றிக்கும் மானுக்கும் பயன்படுத்துகிற இந்தத் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்து இடித்து, அதன் மேல் ஈயத்துண்டோ பால்ரஸ் குண்டோ போட்டு, பின்னால் அடித்தால் பொறி கக்குகிற ஒரு கேப் வைத்துச் சுடுவார்கள். உறை இல்லை, மரை இல்லை, ஒரே அளவுக் குண்டும் இல்லை. ஆய்வகத்தால் சொல்ல முடிவது இவ்வளவுதான்: இது ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி, வேலை செய்யும் நிலையில் இருக்கிறது, குழலுக்குள் கரிமருந்து எரிந்த மிச்சம் இருக்கிறது. ‘குழாயை மோந்து பார்த்து நேத்துதான் சுட்டதுன்னு சொல்லிட்டாங்க’ என்று கதை வரும். எரிந்த மிச்சம் இருக்கிறது என்பது சுடப்பட்டதைச் சொல்லும், எந்த நாளில் சுட்டது என்று தேதி போட்டுத் தராது. களக்காடு முண்டந்துறைக் காட்டோரம் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததாக ஒருவரைப் பிடித்தாலே, அந்தப் பக்கத்தில் செத்துக்கிடந்த விலங்குக்கும் அவர்தான் காரணம் என்று ‘அறிவியல்பூர்வமாக’ நிரூபணமாகிவிட்டதாகப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதை வேறு சாட்சியத்தால் நிரூபிக்கலாம். குண்டைக் காட்டி நிரூபிப்பது கடினம்.

தூரமும் காயமும்

எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது என்ற கேள்விக்குக் காயமும் உடுப்பும் ஓரளவு பதில் சொல்லும். குழலிலிருந்து குண்டு மட்டும் வருவதில்லை. நெருப்பு, புகை, எரியாத மருந்துத் துகள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஒட்டவைத்துச் சுட்டால் தோல் கிழிந்து, ஓரம் வெந்து, துகள் காயத்துக்குள்ளேயே போயிருக்கும். கொஞ்சம் தள்ளியிருந்தால் கரி படியும், இன்னும் தள்ளினால் கரி இல்லாமல் துகள் மட்டும் தோலில் புள்ளி புள்ளியாகப் பதியும், அது துடைத்தால் போகாது. பிஸ்டல் விஷயத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் போனால் இவை எதுவும் பொதுவாக இருக்காது. அதற்குப் பிறகு பத்தடியா நூறடியா என்று காயத்தை மட்டும் வைத்துச் சொல்வது முடியாத காரியம். ரவைத் துப்பாக்கி என்றால் ரவை விரிகிற அகலம் உதவும், ஆனால் அதே துப்பாக்கியில் அதே தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குண்டு நுழைந்த காயத்தைச் சுற்றித் தோல் உரசிய வளையம் இருக்கும், வெளியேறிய இடத்தில் பெரும்பாலும் அது இருக்காது, கிழிசலாக இருக்கும். முன்பக்கமா பின்பக்கமா என்ற கேள்விக்கு இதைத்தான் பார்ப்பார்கள். ‘சின்ன ஓட்டை நுழைந்தது, பெரிய ஓட்டை வெளியே வந்தது’ என்பது பல நேரம் சரி. ஒட்டவைத்துச் சுட்ட காயத்தில் தலைகீழாகவும் ஆகலாம்.

கையில் ஒட்டிய துகள்

பிரைமரிலிருந்து வரும் ஆவி குளிர்ந்து, ஈயம், பேரியம், ஆன்டிமணி மூன்றும் ஒன்றாக உருகிச் சேர்ந்த நுண்ணிய உருண்டைகளாகக் கையிலும் சட்டையிலும் படியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த உருண்டையைத் தேடுவார்கள். ஒரே துகளில் மூன்றும் சேர்ந்திருப்பதுதான் முக்கியம். பேரியமும் ஆன்டிமணியும் பட்டாசிலும் வாகன பிரேக்கிலும்கூட உண்டு. சிவகாசியில் பட்டாசு வேலை பார்த்துவிட்டு வந்தவர் கையில் ‘ரசாயனம் இருந்தது’ என்று மட்டும் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

கை கழுவினால் போய்விடும், வேலை செய்தாலே சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும். சுட்டவர் கையில் இல்லாமல் போகலாம். பக்கத்தில் நின்றவர் கையில் இருக்கலாம். சுட்ட துப்பாக்கியைத் தொட்டவர் கையில் இருக்கலாம், சுட்ட போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்துப் போனால் அப்படியும் ஒட்டலாம். துகள் இருந்தது என்றால் துப்பாக்கிச் சூட்டுக்கு அருகில் ஏதோ ஒரு விதத்தில் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பதில்லை

உறையின் படத்தைப் போட்டால் திரையில் ஆள் போட்டோவே வந்துவிடுவதாகச் சினிமாவில் காட்டுகிறார்கள். உண்மையில் கனடா நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஐபிஸ் என்ற அமைப்பு உலகில் பல இடங்களில் இருக்கிறது. அது செய்வது, உறையின் படத்தைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு ‘இவற்றை எடுத்துப் பாருங்கள்’ என்று ஒரு வரிசை தருவது. அதற்குப் பிறகு உண்மையான உறையை எடுத்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து மனிதர்தான் முடிவு சொல்ல வேண்டும். விற்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியின் உறையையும் படமெடுத்து வைத்தால் குற்றமெல்லாம் வெளிச்சமாகிவிடும் என்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2000-இல் சட்டம் போட்டது. வழக்கு எதற்கும் உபயோகப்படாததால் 2015-இல் கைவிட்டுவிட்டது.

எவ்வளவு நம்பலாம்

நல்ல நிபுணர், நல்ல நிலையில் உள்ள உறை, முறையான சோதனைச் சுடுதல் என எல்லாம் சேர்ந்தால் இது வலுவான சாட்சியம். ஆனால் ‘நூற்றுக்கு நூறு’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2016-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, துப்பாக்கி ஒப்பீட்டுக்குப் போதிய அறிவியல் அடித்தளம் இன்னும் நிறுவப்படவில்லை என்றது. அதுவரை முறையாக நடந்த ஒரே சோதனையில், வேறு துப்பாக்கியில் சுட்ட உறையை ‘இதுதான்’ என்று தவறாகச் சொன்ன விகிதம் 66-க்கு 1 என்றும், அது 46-க்கு 1 வரைகூட இருக்கலாம் என்றும் அந்த அறிக்கை கணக்கிட்டது. அறிக்கையை நிபுணர்கள் பலர் எதிர்த்தார்கள், அந்த விவாதம் இன்னும் ஓடுகிறது. எனக்கு இந்த எண்ணிக்கை, இந்த ஆய்வையே தூக்கிப் போட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. குண்டு ஒன்றை மட்டும் நம்பி ஒருவரை உள்ளே தள்ளக் கூடாது என்பதைச் சொல்கிறது.

தப்பு எதிர்ப்பக்கத்திலும் நடக்கும். 1999-இல் டெல்லியில் நடந்த ஜெசிகா லால் கொலையில் துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவே இல்லை. கிடைத்தவை இரண்டு காலி உறை. அவை வெவ்வேறு துப்பாக்கியில் சுட்டவை போலத் தெரிகிறது என்ற நிபுணர் கருத்து, இரண்டு பேர் சுட்டார்கள் என்ற வாதத்துக்கு உயிர் கொடுத்தது. 2006-இல் விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் தண்டனை விதித்தது, 2010-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. துப்பாக்கி கையில் இல்லாமல் சோதனைச் சுடுதல் இல்லை, சோதனைச் சுடுதல் இல்லாமல் உறுதியான ஒப்பீடும் இல்லை.

சீல் உடையாமல் வந்ததா

நுண்ணோக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் கீழே வைத்திருக்கும் குண்டு உண்மையிலேயே அந்த உடம்பிலிருந்து எடுத்த குண்டுதானா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது காகிதம். பிரேதப் பரிசோதனையில் குண்டை இரும்பு இடுக்கியால் அழுத்தி எடுத்தால் புதுக் கீறல் விழும். அடையாளக் குறி பக்கவாட்டில் போட்டால் ஆய்வுக்குரிய கீறலே அழியும், அதனால் அடிப்பக்கத்தில்தான் போட வேண்டும். பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, அரக்கு சீல் வைத்து, நீதிமன்றம் வழியாக ஆய்வகம் போகும்வரை யார் கையில் எத்தனை நாள் இருந்தது என்ற வரிசை அறுபடக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் ஸ்டேஷனிலேயே வாரக்கணக்கில் கிடந்துவிட்டுப் போயிருந்தால் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும், சேகரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 329-ஆம் பிரிவுப்படி அரசு ஆய்வக அறிக்கையை நிபுணரை அழைக்காமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், நீதிமன்றம் விரும்பினால் அவரை வரவழைத்து விசாரிக்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படி ஒரு வழக்கில் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், அறிக்கையின் கடைசி வரியோடு நிற்க வேண்டாம் என்று அவருடைய வக்கீலிடம் சொல்லுங்கள். நுண்ணோக்கிப் படங்கள் இருக்கின்றனவா, எத்தனை சோதனைத் தோட்டா சுட்டார்கள், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்களா, ஒத்துப்போனது வகை அடையாளமா தனி அடையாளமா என்று கேட்டு, தேவைப்பட்டால் நிபுணரை அழைக்க மனுப் போடச் சொல்லுங்கள்.